எக்ஸ்ட்ரா அன்யேஹோவுக்கு உப்பும் எலுமிச்சையும் வேண்டாம்

எக்ஸ்ட்ரா அன்யேஹோ என்றால் ஓக் பீப்பாயில் குறைந்தது 3 வருஷம் கிடந்த டெக்கீலா; அதை உப்பும் எலுமிச்சையும் வைத்து ஒரே மடக்கில் குடிப்பது வீண். 2006-ல் மெக்சிகோ தனி வகையாக அங்கீகரித்த சரக்கு இது; பீப்பாய் 600 லிட்டரைத் தாண்டக் கூடாது.

முதலில் லேபிளைப் பாருங்கள். '100% அகாவே' (டெக்கீலா காய்ச்சும் கற்றாழை மாதிரிச் செடி) என்று இல்லையா? அப்படியே வைத்துவிடுங்கள்.

வாய் குறுகிய வைன் கிளாஸில் 30 மில்லி. ஐஸ் வேண்டாம். பத்து நிமிஷம் சும்மா விடுங்கள். மூக்கை உள்ளே நுழைத்தால் ஆல்கஹால்தான் சுடும். விளிம்பில் வைத்து, வாயை லேசாகத் திறந்து முகருங்கள். முதல் மிடறு நாக்கைப் பழக்க மட்டும். இரண்டாவதில்தான் ருசி.

செங்கல் அடுப்பில் நிதானமாக வெந்து, தஹோனா என்ற பெரிய சக்கரக் கல்லில் நசுங்கிய அகாவே என்றால், சுட்ட சர்க்கரைவள்ளிக்கிழங்கு மாதிரி ஒரு இனிப்பு, பின்னால் மிளகுக் காரம். வெனிலாவும் மரமும் மட்டும் தெரிந்தால் பீப்பாய் அகாவேயைத் தின்றுவிட்டது. அதற்கு அமெரிக்க விஸ்கியான போர்பனே வாங்கலாம்.

கேக் கிரீம் வாசனை அடித்தால் சந்தேகப்படுங்கள். கேரமல், கிளிசரின், ஓக் சாறு, சர்க்கரைப் பாகு எல்லாம் எடையில் 1% வரை லேபிளில் சொல்லாமலே சேர்க்க விதி இடம் கொடுக்கிறது. நாக்கில் எண்ணெய் தடவியது போன்ற வழவழப்பு பெரும்பாலும் கிளிசரின் வேலை.