எழுந்து போக முடியாதவரிடம்

டயாலிசிஸ் மெஷினுக்குள் நிமிடத்துக்கு 500 மில்லி கணக்கில் கரைசல் ஓடும். நாலு மணி நேரத்துக்கு 120 லிட்டர். அதன் பக்கத்தில் படுத்திருப்பவர் ஒரு நாளைக்குக் குடிக்கலாம் என்று சொல்லப்படுவதோ, முந்தின நாள் போன சிறுநீரின் அளவோடு ஒரு 500 மில்லி. பலருக்குச் சிறுநீரே நின்றுபோயிருக்கும். ஆக, அரை லிட்டர். டீ, ரசம், மோர், மாத்திரைக்குக் குடிக்கிற தண்ணீர் எல்லாம் அதற்குள்ளே. கடலூர், நெல்லிக்குப்பம், பாகூர் என்று விடியற்காலையில் பஸ் ஏறிப் புதுச்சேரிக்கு வருகிறவர்கள் வெயில் காலத்திலும் இந்தக் கணக்கோடுதான் வருகிறார்கள்.

இந்த வார்டில் வேலை பார்க்கும் கிறிஸ்தவ சிஸ்டருக்கும் டெக்னீஷியனுக்கும், இயேசு தருவதாகச் சொன்ன ஜீவத்தண்ணீரைப் பற்றிப் பேச நாக்கு துடிப்பது இயற்கை. ஆள் எதிரில் இருக்கிறார், நேரமும் இருக்கிறது. ஆனால் அவர் கையில் இரண்டு ஊசி. ரத்தம் வெளியே போய்த் திரும்பி வந்துகொண்டிருக்கிறது. பேச்சு பிடிக்கவில்லையென்றால் எழுந்து போக அவரால் முடியாது. அடுத்த முறை ஊசி போடப்போகிறவரும் நாம்தான் என்பதால், முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்லவும் மாட்டார். அவர் தலையாட்டுவதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வதுதான் இந்த வேலையில் நடக்கிற முதல் தப்பு.

ஆகவே பேச்சை அவர்தான் தொடங்க வேண்டும். நேரமும் ஒன்று உண்டு. முதல் அரை மணி ஊசி, பிரஷர், மெஷின் அலாரம் என்று போய்விடும். கடைசி ஒரு மணியில் பிரஷர் இறங்கும், கெண்டைக்காலில் சதை பிடிக்கும்; அப்போது வேதம் பேசுகிறவர் வேலையைப் பார்க்கவில்லை என்று அர்த்தம். நடுவில் இருக்கிற இரண்டரை மணி நேரத்தில்தான் சிலர் விட்டத்தைப் பார்த்தபடி, “ஏன் சிஸ்டர், நான் யாருக்கு என்ன கெடுதல் செஞ்சேன்?” என்று கேட்பார்கள். அது பதில் கேட்கிற கேள்வி இல்லை. பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தால் போதும்.

அதற்கு முன்னால் உடம்பின் தாகத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். “தண்ணிய கொறைங்கய்யா” என்று மட்டும் சொல்வது வீண். உப்புதான் தாகத்தைக் கிளப்புகிறது. கடலோரச் சமையலில் கருவாடு, ஊறுகாய், அப்பளம் மூன்றும் ஒரே தட்டில் விழும். ரத்தத்தில் உப்பு ஏறினால் மூளை தண்ணீர் கேட்கும், அதை மனஉறுதியால் அடக்க முடியாது. சர்க்கரை ஏறியிருந்தாலும் இதே கதிதான். உப்பை ஒரு நாளைக்கு ஒரு டீஸ்பூனுக்குள், 5 கிராமுக்குள், கொண்டுவரச் சொல்ல வேண்டும். பெரிய சொம்பை எடுத்துவைத்துவிட்டு 100 மில்லி டம்ளர். வாய் கொப்பளித்துத் துப்பலாம். ஐஸ் கட்டி சப்பலாம், ஆனால் உருகினால் அதுவும் தண்ணீர்தான், கணக்கில் சேரும்.

அறுபது கிலோ ஆள் உடம்பில் தண்ணீர் சேர்ந்து நாலு கிலோ ஏறி வந்தால் மெஷின் மணிக்கு ஒரு லிட்டர் இழுக்க வேண்டும். எடையில் கிலோவுக்கு 16, 17 மில்லி. 13 மில்லியைத் தாண்டினாலே இதயத்துக்குச் சுமை. அதனால் திட்டு விழுகிறது. எடை மெஷின் முன்னால் பத்துப் பேர் கேட்கத் திட்டிவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து தேவ அன்பைப் பேசினால் எந்தக் காதில் ஏறும்?

வசனத்திலும் கவனம் வேண்டும். யோவான் 4-ஆம் அதிகாரம் நாக்கு நுனியில் நிற்கும்: நான் கொடுக்கும் தண்ணீரைக் குடிக்கிறவனுக்குத் தாகமே வராது. அரை லிட்டரில் நாளை ஓட்டுகிறவருக்கு இது கிண்டலாகக் கேட்கும். அந்த அதிகாரத்தில் பலரும் தாண்டிப்போகிற இடம் அதற்குச் சற்று முன்னால் இருக்கிறது. கிணற்றடியில் களைத்து உட்கார்ந்த இயேசுதான் முதலில் கேட்கிறார்: “தாகத்துக்குத்தா.” கேட்டு வாங்குகிற இடத்தில் நிற்கிறார். இந்த வார்டில் உள்ளே போகிற வசனம் அதே யோவான் 19-ஆம் அதிகாரத்தில், சிலுவையில் இயேசு சொல்வதாக இருக்கிறது: “தாகமாயிருக்கிறேன்.” கடற்காளானை, அதாவது கடல் பஞ்சை, புளித்த காடியில் தோய்த்து வாயருகே நீட்டுகிறார்கள். நனைத்த பஞ்சால் உதட்டை ஒற்றிக்கொண்டவருக்கு அதற்கு விளக்கவுரை தேவைப்படாது. 22-ஆம் சங்கீதத்தில் நாவு மேல்வாயோடு ஒட்டிக்கொண்டது என்று வரும் வரியும் அப்படித்தான்.

ஜெபிக்கச் சொல்லிக் கேட்டால் ஒரு நிமிடத்துக்குள், மெதுவான குரலில். அடுத்த படுக்கை மூன்றடி தூரம்தான். அங்கே விபூதி பூசியவர் இருப்பார், தஸ்பீஹ் மணி உருட்டுகிற முஸ்லிம் இருப்பார். கையைப் பிடித்து ஜெபிக்கிற பழக்கமுள்ளவர்கள் ஃபிஸ்டுலா, அதாவது டயாலிசிஸ் ஊசிக்காக ஆபரேஷன் செய்து இணைத்த ரத்தக்குழாய், இருக்கும் கையைத் தொடவே கூடாது. அழுத்தினால் அடைத்துக்கொள்ளும், அந்தக் கையில் பிரஷர்கூடப் பார்ப்பதில்லை. கழுத்தில் குழாய் இருந்தால் அதன் பக்கத்தில் ஜெப எண்ணெய் கூடாது. இன்னொன்று, இதுதான் அதிகம் நடப்பது: நோயாளி சொன்ன குடும்பக் கதை ஞாயிற்றுக்கிழமை ஜெபக்குறிப்பாகச் சபையில் வாசிக்கப்படுகிறது. ஜெபம் என்ற பெயரில் போனாலும் அது கோள்தான்.

பார்க்க வரும் சபையாரையும் பழக்க வேண்டும். அன்போடு இளநீர் வாங்கி வருவார்கள். பொட்டாசியம் நிறைந்தது, இவர்களுக்கு இதயத்தையே நிறுத்திவிடக்கூடும். ஆரஞ்சு, சாத்துக்குடி ஜூஸும் வேண்டாம்.

இளநீரைவிட மோசமானது ஒன்று உண்டு. “விசுவாசம் இருந்தா மெஷின் எதுக்கு?” என்று யாராவது காதில் போட்டுவிடுவது. இரண்டு முறை வராமல் இருந்தால் நுரையீரலில் நீர் கோத்து, படுக்க முடியாமல், இரவெல்லாம் உட்கார்ந்தபடி மூச்சு வாங்கி வருகிறார்கள். சிலர் வருவதில்லை. ஆகவே ஒருவர் சுகம் கிடைத்துவிட்டது என்று சந்தோஷமாகச் சொன்னால், வாதம் செய்யாமல் இப்படிச் சொல்லலாம்: “ரொம்ப நல்லதுய்யா. புதன்கிழமை வழக்கம்போல வந்துடுங்க, ரத்தம் எடுத்துப் பார்த்துட்டு டாக்டரே சொல்லட்டும்.”