தோற்கும் என்று தெரிந்தே வாதாடிய அட்டிகஸ் ஃபிஞ்ச்

ஹார்ப்பர் லீ 1960இல் வெளியிட்ட ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ நாவலை மறுபடி வாசித்தேன். என்னை உலுக்கியது அதில் வரும் வழக்கறிஞர் அட்டிகஸின் புகழ்பெற்ற இறுதி வாதம் அல்ல, அதற்கு முந்தைய குறுக்கு விசாரணைதான்.

1930களின் அலபாமா. வெள்ளையர் மட்டுமே அமர்ந்த ஜூரி. பொய்ப் புகாரில் சிக்கிய கறுப்பினத்தவர் டாம் ராபின்சன். தீர்ப்பு எப்படி வரும் என்று அட்டிகஸுக்கு முன்பே தெரியும். ஆனாலும் ஒரு கேள்வியைக்கூட அவர் ஒப்புக்குக் கேட்கவில்லை. டாம் தன்னை அடித்து வன்புணர்ந்ததாகப் புகார் சொல்லும் மயெல்லாவின் காயங்கள் முகத்தின் வலப்பக்கம்; அடித்தவன் இடக்கைக்காரனாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அவள் தந்தையைப் பெயர் எழுதச் சொல்கிறார், இடக்கையால் எழுதுகிறான். டாமின் இடக்கையோ சிறுவயதிலேயே பருத்தியிலிருந்து விதை பிரிக்கும் இயந்திரத்தில் சிக்கிச் செயலிழந்தது. இத்தனைக்கும் நடுவே, பொய் சொல்லும் அந்தப் பெண்ணிடம் அவர் மரியாதை தவறவே இல்லை. எனக்கு அவரை நேசிக்கத் தோன்றுவது அந்த இடத்தில்தான். ஊரே ‘கறுப்பர்களுக்குப் பரிந்து பேசுபவன்’ என்று ஏசுகிறது; அதே ஊரின் ஏழைப் பெண்ணை அவமதித்து வெல்ல அவர் விரும்பவில்லை.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. மேல்முறையீட்டில் வாய்ப்பு உண்டு என்று அட்டிகஸ் நம்பினார். டாமால் அப்படி நம்ப முடியவில்லை. சிறையிலிருந்து தப்ப முயன்றபோது சுட்டுக் கொல்லப்படுகிறார். வழக்கறிஞரின் மனத்தை இவ்வளவு நெருக்கமாகக் காட்டும் நாவல், டாமின் மனத்தை இன்னும் கொஞ்சம் காட்டியிருக்கலாம். அந்தச் சிறையில் அவர் என்ன நினைத்தார் என்பதே எனக்குத் தெரிய வேண்டும்.