ரசீது கொடுக்கும் பயங்கரவாதம்
செப்டம்பர் 11 தாக்குதலுக்கு ஆன மொத்தச் செலவு 4 முதல் 5 லட்சம் டாலர். உண்டியல் (வங்கிக்கு வெளியே, நம்பிக்கையின் பேரில் கைமாறும் ஹவாலா முறை) வழியாக வந்த பணம் என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். இல்லை. விமானம் கடத்தியவர்கள் சொந்தப் பெயரிலேயே அமெரிக்க வங்கிகளில் கணக்குத் தொடங்கினார்கள்; துபாயிலிருந்து சாதாரண வங்கிப் பரிமாற்றமாகவும், கையில் கொண்டுவந்த ரொக்கமாகவும் பணம் வந்தது.

ஆனால் 2001 நவம்பரில் அமெரிக்காவின் அடி விழுந்தது சோமாலியர்களின் அல் பரகாத் என்ற பணம் அனுப்பும் நிறுவனத்தின் மேல்; பயங்கரவாதத் தடைப் பட்டியலில் அதன் பெயர் ஏறியது. சோமாலியாவில் உருப்படியான வங்கியே இல்லாத காலம், வெளிநாட்டுப் பிள்ளைகள் அனுப்பும் பணத்தில்தான் வீடுகளில் அடுப்பு எரிந்தது. பிறகு செப்டம்பர் 11 தாக்குதலை விசாரித்த அமெரிக்க ஆணையத்தின் ஆய்வாளர்கள் தேடியும் அல் காய்தாவோடு தொடர்புக்கு உருப்படியான ஆதாரம் கிடைக்கவில்லை. பெயரைப் பட்டியலில் ஏற்ற ஒரு நாள் போதும், இறக்கப் பல வருடம் ஆகும்.

இப்போது அதே மண்ணில், அல் காய்தாவோடு இணைந்த ஆயுதக் குழுவான அல் ஷபாப் எப்படிச் சம்பாதிக்கிறது? வரி. லாரியை மறித்து, சரக்கைப் பார்த்துத் தொகை வாங்கி, ரசீது கொடுக்கிறார்கள். அதைக் காட்டினால் அவர்களுடைய அடுத்த சாவடியில் மறுபடி கேட்பதில்லை. அரசுத் தரப்புச் சாவடிகளிலோ ஒவ்வொன்றிலும் கை நீளும். லாரிக்காரர் எந்தச் சாலையைத் தேர்ந்தெடுப்பார், சொல்லுங்கள்!

இந்த வருமானத்தை நியூயார்க்கில் ஐ.நா. பாதுகாப்பு சபை போடும் தடைத் தீர்மானம் பெரிதாகத் தொடாது. அதைத் தொட வேண்டுமானால், சாவடியில் நிற்கும் அரசுச் சிப்பாய்க்குச் சம்பளம் அதிகாரி கை வழியாகப் போகாமல் தவறாமல் நேராகக் கணக்கில் விழ வேண்டும், சாலையில் சாவடிகள் குறைய வேண்டும், வாங்கும் வரிக்கு அரசும் செல்லுபடியாகும் ரசீது தர வேண்டும். ட்ரோன் தாக்குதலைவிடச் சலிப்பான வேலைதான், செய்திச் சேனல்களும் எட்டிப் பார்க்காது.