கெடா வெட்டு நின்ன வருசமும், கால்வேல என் புள்ளையோட ஸ்கூல் சீட்டும்

அயர்லாந்துல கால்வேங்கிற ஊருக்கு நாங்க வந்தது 2016ல. குளுரும் மழையும் ரெண்டு மாசத்துல பழகிருச்சு, அரிசிம்பருப்பு சோத்துக்கு பருப்பு இந்தியன் கடைல கெடைச்சுது, கோபில இருந்து அம்மா குடுத்தனுப்புன மஞ்சத்தூள் ஒரு வருசம் வந்துச்சு. சாயங்காலம் ஆறு மணிக்கு அரசாங்க டிவில நியூஸுக்கு முன்னாடி சர்ச் மணி அடிக்கும், மொதல்ல எனக்கு அது புடிச்சுத்தான் இருந்துச்சு, நம்மூரு கோயில் மணி மாதிரி.

பொறவு பாப்பாவ ஸ்கூல்ல சேக்கப் போனோம். பாரத்துல பேப்டிசம் சர்டிபிகேட், அதாவது ஞானஸ்நானம் வாங்குன சான்றிதழ் கேட்டிருந்துச்சு. இங்க பிரைமரி ஸ்கூல்ல கிட்டத்தட்ட பத்துக்கு ஒம்பது கத்தோலிக்க சர்ச்சோட பொறுப்புல இருக்குது, ஆனா வாத்தியார் சம்பளம் அரசாங்கப் பணம், அதாவது நாங்க கட்டுற வரியும் சேத்தி. எடம் பத்தலைன்னா ஞானஸ்நானம் வாங்குன புள்ளைகளுக்கு மொதல்ல, மிச்சம் இருந்தா மத்தவங்களுக்கு, அப்ப சட்டமே அதுக்கு எடம் குடுத்துச்சு. இங்க இருக்குற திருப்பூர்க்கார அக்கா ஒருத்தங்க, "ஒரு சொம்பு தண்ணி தலைல ஊத்துனா என்னாயிரப் போவுது, ஊத்திட்டு சீட்ட வாங்கு"ன்னாங்க. ஊருல இருக்குற அப்புச்சிகிட்ட, அதாவது அம்மாவோட அப்பாகிட்ட, போன்ல சொன்னேன். "வேண்டாம் அம்மணி, அவிய சாமிய நம்பாம அவிய தண்ணிய ஊத்திக்கிட்டா அவிய சாமிக்கும் மருவாதி இல்ல, நம்ம சாமிக்கும் மருவாதி இல்ல"ன்னுட்டாரு. பாப்பா தூரத்து ஸ்கூலுக்கு பஸ்ல போனா. 2018ல சட்டத்த மாத்தி கத்தோலிக்க ஸ்கூலுக அப்படி முன்னுரிமை குடுக்கக் கூடாதுன்னு ஆக்கிட்டாங்க, எங்களுக்கு அது லேட்டு.

நான் வேலைக்குப் போற பஸ் இந்த ஊரு பெரிய ஆஸ்பத்திரி வழியாத்தான் போகும். 2012 அக்டோபர்ல அங்கதான் சவிதா ஹலப்பனவார் செத்துப்போனாங்க. கர்நாடகா பொண்ணு, பல் டாக்டர், 31 வயசு, 17 வார கர்ப்பம். கரு நிக்காதுன்னு டாக்டருகளுக்கே தெரிஞ்சுருச்சு, எடுத்துருங்கன்னு அவங்க கேட்டாங்க, இதயத்துடிப்பு இருக்கிற வரைக்கும் சட்டம் விடாதுன்னுட்டாங்க. இது கத்தோலிக்க நாடுன்னு சொன்னத ஒரு மருத்துவச்சி விசாரணைல அவங்களே ஒத்துக்கிட்டாங்க. இன்பெக்‌ஷன சரியா கவனிக்காத தப்பும் இருந்துச்சு, ஆனா அதுக்குப் பின்னால நின்னது 1983ல அரசியல் சாசனத்துல எழுதுன ஒரு பிரிவு, தாயோட உசுருக்கும் கருவோட உசுருக்கும் சம உரிமைன்னு. அந்தப் பொண்ணு கத்தோலிக்கரே இல்ல. நான் அந்த ஸ்டாப்ப தாண்டும்போதெல்லாம் அவங்கம்மாவ நெனைப்பேன், பெல்காம்ல போன கையில வெச்சுட்டு உக்காந்திருப்பாங்கல்ல.

2018 மே மாசம் அந்தப் பிரிவ எடுக்கலாமான்னு ஓட்டெடுப்பு, நூத்துக்கு 66 பேரு எடுக்கலாம்னாங்க. சிட்டிசன் இல்லாததால எனக்கு ஓட்டு கெடையாது. பக்கத்து ஊட்டுப் பாட்டி, எழுபத்தெட்டு வயசு, தெனமும் சர்ச்சுல மாஸ் பூசைக்குப் போறவங்க, அவங்க எடுக்கலாம்னுதான் போட்டாங்களாம். நான் ஆச்சரியமா கேட்டதுக்கு, எனக்கு அது பாவந்தான், ஆனா பாவம் எனக்கும் கடவுளுக்கும் நடுவுல, அதுல போலீஸுக்கு என்ன வேலைன்னாங்க. அவங்க சின்ன வயசுல கர்ப்பத்தடை மாத்திரைய அதுக்குன்னு விக்கவே கூடாதாம், 1979ல சட்டம் வந்தப்பவும் டாக்டர் சீட்டு வேணும். அதச் சொல்றப்ப அவங்க கை நடுங்குச்சு.

அன்னிக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரல, ஏன்னா நம்மூருல 2003ல நடந்தது ஞாபகம் வந்துச்சு. கோயில்ல ஆடு கோழி பலி குடுக்கக் கூடாதுன்னு 1950லயே போட்ட ஒரு சட்டத்த அந்த வருசம் திடீர்னு கடுமையா அமல்படுத்துனாங்க. எங்க தோட்டத்துக் கருப்பணசாமி நோம்பிக்கு போலீஸ் வந்து நின்னுச்சு. நேந்துவுட்ட கெடாவ பட்டிலயே கட்டிப்போட்டு அப்புச்சி பொங்கல் மட்டும் வெச்சாரு, அன்னிக்கு பூரா யாருகிட்டயும் பேசல. எனக்கும் அமுச்சிக்கும், அதாவது அம்மாவோட அம்மாவுக்கும், ஒரே சந்தோசம். அமுச்சி சுத்த சைவம், நான் கெடா கத்துறதக் கேட்டா அழுவேன். என் மனசுல இருந்ததே சட்டமா வந்ததால அதோட பாரம் எனக்குத் தெரியல, அப்புச்சி தலைலதான் அது ஏறுச்சு. 2004ல அந்தச் சட்டத்தையே எடுத்துட்டாங்க.

தர்மம் இல்லாம சட்டம் ஏதுன்னு அப்புச்சி கேப்பாரு, நாயந்தான், கொல்லாத திருடாதன்னு எல்லா சாமியும் சொல்லுது. ஆனா அந்தச் சாமிய கும்புடாதவனுக்கும் புரியற ஒரு காரணம் சட்டத்துக்கு வேணும், அவனுக்கு யாரு அடிபடறாங்கன்னு காட்டணும், எங்க வேதத்துல இருக்குதுன்னா அது அவனுக்கு பதில் இல்ல. எங்க பெரியப்பா ஈரோட்டுல ஐயர் இல்லாம சுயமரியாதைக் கல்யாணம் பண்ணுனவரு, 1967ல அண்ணா ஆட்சில கொண்டாந்த திருத்தத்தாலதான் அதுவும் செல்லும்னு ஆச்சு. அதனால யாரோட சீரும் சாங்கியமும் நின்னு போகலயே, எங்க கல்யாணத்துல கொங்குப் பக்கம் கல்யாணச் சீர் நடத்துற அருமைக்காரர் வந்து எல்லா சீரும் பண்ணுனாரு.

போன வருசம் நோம்பிக்கு ஊருக்குப் போயிருந்தோம். கெடா வெட்டுற நேரத்துல நான் பாப்பாவக் கூட்டிட்டு வாய்க்கா மேட்டுக்குப் போயிட்டேன், அங்கயும் சத்தம் கேட்டுச்சு, எனக்கு இன்னமும் ஆகல, பாப்பா காதப் பொத்திக்கிட்டா. ஆனா போலீஸ் வரணும்னு இந்தத் தடவ தோணல. பொழுதோட திரும்பி வந்தா எனக்கும் அமுச்சிக்கும் தனியா பொங்கல் எடுத்து வாழையெலைய மூடி வெச்சிருந்தாரு அப்புச்சி.