நாற்பது நிமிடத்தில் ஒரு கடிதம்

வேலூரில் எட்டு வருடமாக நர்ஸாக இருக்கிறேன். சொந்த ஊர் குடியாத்தம். வீட்டில் தமிழ், தெருவில் பாதிக்குப் பாதி தெலுங்கு. வார்டுக்கு வந்த பிறகு வங்காளமும் ஒட்டிக்கொண்டது. கொல்கத்தாவிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வைத்தியத்துக்கு வருகிறவர்களுக்காகக் காந்தி ரோட்டில் லாட்ஜ் போர்டு, மெஸ் போர்டெல்லாம் வங்காள எழுத்தில் இருக்கும். "கோத்தாய் பேத்தா?" என்றால் எங்கே வலிக்கிறது என்று அர்த்தம். நைட் டியூட்டியில் இதைக் கேட்காத நாள் இல்லை. ஆனால் இங்கிலாந்துக்குப் போக இதெல்லாம் கணக்கில் வராது. ஆங்கிலத் தேர்வு ஒன்று எழுதித் தேற வேண்டும்.

முதலில் எல்லோரையும் போல ஐ.இ.எல்.டி.எஸ். எழுதினேன். இங்கிலாந்தில் நர்ஸ்களைப் பதிவு செய்யும் அமைப்பான என்.எம்.சி.க்கு ரைட்டிங்கில் 6.5, மற்ற மூன்றிலும் 7 வேண்டும். எனக்கு ரைட்டிங்கில் 6தான் வந்தது. நான் போன பயிற்சி மையத்தில் எந்தத் தலைப்பு வந்தாலும் பொருந்துகிற மாதிரி பத்து வாக்கியங்களை உருப்போட வைத்தார்கள். போக்குவரத்து நெரிசலோ விண்வெளி ஆராய்ச்சியோ, ஆரம்பமும் முடிவும் ஒன்றுதான். திருத்துகிறவர்களுக்கு அது தெரியாதா என்ன? அந்த மையத்தில் கட்டிய பணத்தை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

அப்புறம்தான் ஓ.இ.டி. பக்கம் வந்தேன். வெளிநாட்டில் படித்துவிட்டு ஆஸ்திரேலியாவுக்கு வரும் மருத்துவர்கள், நர்ஸ்களுக்காக 1980களில் உருவான ஆங்கிலத் தேர்வு இது. அதை வடிவமைத்ததில் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தின் டிம் மெக்நமாராவுக்குப் பெரிய பங்கு உண்டு. என்.எம்.சி. இதை 2017 கடைசியில்தான் ஏற்றுக்கொண்டது. வேலைக்குத் தேவையான மொழியை வேலைச் சூழலிலேயே வைத்துச் சோதிப்பது என்பதுதான் இதன் அடிப்படை. கேட்க எளிதாகத் தெரிந்தது. நம் துறைதானே என்று நினைத்தேன்.

ரைட்டிங்கில் ஒரு நோயாளியின் கேஸ் நோட்ஸ் தருவார்கள். படிக்க 5 நிமிடம், எழுத 40 நிமிடம். 180லிருந்து 200 வார்த்தைக்குள் ஒரு கடிதம், பெரும்பாலும் இன்னொரு நர்ஸுக்கோ டாக்டருக்கோ. முதல் பயிற்சியில் சர்க்கரை நோயால் காலில் புண் வந்த ஒரு பெரியவர். வீட்டுக்குப் போகிறார், அங்கே கட்டு மாற்ற வரும் நர்ஸுக்கு எழுத வேண்டும். நான் எல்லாவற்றையும் எழுதினேன். முப்பது வருடத்துக்கு முன் செய்த குடல்வால் ஆபரேஷன், ரிட்டயர்டு வாத்தியார் என்பது, வளர்க்கும் நாய் வரைக்கும். எழுதாதது செய்யாததற்குச் சமம் என்று எங்களுக்கு முதல் வருடத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். அந்தப் பழக்கம் கையை விடவில்லை. 310 வார்த்தை ஆகிவிட்டது. எந்த மருந்தால் கட்டுப் போட வேண்டும், எத்தனை நாளைக்கு ஒரு தடவை என்பது கடைசிப் பத்தியில் கிடந்தது.

மான்செஸ்டரில் வேலை பார்க்கும் சீனியர் அக்கா ஒருவர் போனில் அதைப் படித்துப் பார்த்து, "நாய் எதுக்கும்மா?" என்றார். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. "அந்தச் சிஸ்டர் கதவைத் தட்டும்போது கையில இந்தக் கடிதம் மட்டும்தான் இருக்கும். முதல்ல அவங்க என்ன செய்யணும்?" என்று கேட்டார். அதன் பிறகு ஒவ்வொரு நோட்ஸையும் அந்தக் கேள்வியோடு படித்தேன். எதை விடுவது என்பதுதான் மதிப்பெண்ணில் பாதி. இலக்கணத்துக்காக நான் பட்ட பாட்டில் கால்வாசியை முதலிலேயே இதற்குச் செலவிட்டிருக்கலாம்.

ஸ்பீக்கிங் இரண்டு ரோல் பிளே. ஒவ்வொன்றுக்கும் சூழலை எழுதிய அட்டை ஒன்று தருவார்கள். அதைப் படிக்க 3 நிமிடம், பேச 5 நிமிடம். எதிரில் நோயாளியாக நடிப்பவர் மதிப்பெண் போடுவதில்லை, பதிவை வேறு ஆட்கள் கேட்டுப் போடுவார்கள். 2018லிருந்து உச்சரிப்பு, இலக்கணத்தோடு நோயாளியின் மனநிலையைப் புரிந்துகொண்டோமா என்பதற்கும் தனியாக மதிப்பெண் உண்டு. அக்கா நோயாளியாக நடித்தபோது ஒரே ரோல் பிளேயில் ஏழு தடவை "டோன்ட் வொர்ரி" சொல்லியிருக்கிறேன். "எதுக்குக் கவலைப்படறேன்னு ஒரு தடவையாவது கேட்டியா?" என்றார். கேட்கவில்லைதான். ஒரு ஷிஃப்டில் பன்னிரண்டு பேரைப் பார்க்கிறவளுக்கு அதற்கு நேரம் எங்கே இருக்கிறது என்று வாதாடினேன். அதிலும் நியாயம் இருக்கிறது, அதை இப்போதும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

தேர்வு மையம் சென்னையில். காட்பாடியில் ரயில் ஏறினேன். கட்டணம் மட்டும் என் சம்பளத்தில் ஒன்றரை மாதம். முந்தின நாள் இரவு வாட்ஸ்அப்பில் ஒருவன், பரீட்சையே எழுதாமல் சர்டிபிகேட் வாங்கித் தருகிறேன் என்று வந்தான். பிளாக் செய்தேன். பத்து நிமிடம் யோசித்துவிட்டுத்தான் செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

என்.எம்.சி.க்கு லிசனிங், ரீடிங், ஸ்பீக்கிங்கில் 350, ரைட்டிங்கில் 300 வேண்டும். எனக்கு லிசனிங் 360, ஸ்பீக்கிங் 370, ரைட்டிங் 320. ரீடிங் மட்டும் 330. அதில் முதல் பகுதிக்கு 15 நிமிடம், 20 கேள்வி. நான்கு துண்டுகளில் தேடித் தேடிப் பதில் எழுத வேண்டும். முழுசாகப் படிக்க உட்கார்ந்தால் தொலைந்தோம். நான் உட்கார்ந்துவிட்டேன்.

மூன்று மாதம் கழித்துத் திரும்ப எழுதினேன். ரீடிங் 360. ஆனால் லிசனிங் 340க்கு இறங்கிவிட்டது. அதே காது, இன்னும் மூன்று மாதப் பயிற்சி வேறு. பத்து மதிப்பெண் வித்தியாசத்தில் ஒருத்திக்கு ஆங்கிலம் தெரியும், தெரியாது என்று கோடு போடுவது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நல்லவேளை, இரண்டு தேர்வின் மதிப்பெண்களைச் சேர்த்துக் காட்ட என்.எம்.சி. அனுமதிக்கிறது. இரண்டுக்கும் நடுவே இருக்கலாம் என்ற இடைவெளியை 2023ல் 6 மாதத்திலிருந்து 12 மாதமாக ஆக்கியிருந்தார்கள். தப்பித்தேன்.

இப்போது ஹாஸ்டலில் ஜூனியர் பெண்கள் இருவர் அட்டையோடு என் ரூமுக்கு வருகிறார்கள். நான்தான் நோயாளி. எங்கள் தெருப் பெரியவர் ஒருவரை மனதில் வைத்துக்கொண்டு, ஊசி வேண்டாம், வீட்டுக்குப் போகணும் என்று ஆங்கிலத்தில் அடம்பிடிக்கிறேன். நேற்று ஒருத்தி மூன்றாவது "டோன்ட் வொர்ரி"யில் தானே நிறுத்தி, நாக்கைக் கடித்துக்கொண்டு, "வீட்டுல யாரு சார் இருக்காங்க?" என்று தமிழில் கேட்டுவிட்டாள்.