வெல்டர், ஃபிட்டர் கனடா போக: ஆஃபர் லெட்டருக்குப் பின்னால் நிற்க வேண்டிய இரண்டு தாள்கள்

மணலி, எண்ணூர் பக்கம் ஷட்டவுன் வேலை (பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தும்போது நடக்கும் வேலை) பார்க்கும் தம்பிகள் அடிக்கடி கேட்பது இதைத்தான்: "கனடாவிலிருந்து ஆஃபர் லெட்டர் வந்துட்டா பி.ஆர். கிடைச்சிடுமாண்ணே?" லெட்டர் மட்டும் வந்தால் பி.ஆர்., அதாவது நிரந்தரமாகத் தங்கும் உரிமை, கிடைக்காது. அதற்குப் பின்னால் இரண்டு தாள் வேண்டும். ஒன்று, கம்பெனி அங்கே அரசிடம் வாங்குவது. மற்றது, நீங்கள் இங்கே கான்ட்ராக்டரிடம் வாங்கும் அனுபவ சர்டிபிகேட். நம் ஆட்களுக்குச் சறுக்குவது பெரும்பாலும் இரண்டாவதில்தான்.

முதல் தாளின் பெயர் எல்எம்ஐஏ. இந்த வேலைக்கு உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை என்று கம்பெனி விளம்பரம் செய்து காட்டி, கனடா அரசிடம் வாங்கும் அனுமதி அது. அதற்குக் கட்டணம் இருந்தால் (ஒரு பணியிடத்துக்கு 1,000 கனடா டாலர்) கட்ட வேண்டியது கம்பெனி. அதைத் தொழிலாளியிடம் வசூலிக்கச் சட்டம் இடம் தரவில்லை. "எல்எம்ஐஏ வாங்கித் தர்றேன், இத்தனை லட்சம் கொடு" என்று மண்ணடியில் கேட்டாலும் டொராண்டோவில் கேட்டாலும் அது குற்றம்தான்.

பி.ஆருக்கு ஆன்லைனில் விண்ணப்பித்து மார்க் அடிப்படையில் ஆள் எடுக்கும் கனடா அரசின் முறை எக்ஸ்பிரஸ் என்ட்ரி. அதில் ஃபெடரல் ஸ்கில்ட் டிரேட்ஸ் என்ற பிரிவு நம் தொழிலுக்கானது. அதில் சேர, குறைந்தது ஓராண்டுக்கான முழுநேர ஆஃபர் வேண்டும். இல்லையென்றால் அங்குள்ள மாகாணம் தரும் தொழில் தகுதிச் சான்று வேண்டும். ஐஇஎல்டிஎஸ் ஜெனரல் என்ற இங்கிலீஷ் தேர்வில் பேச, கேட்க 5.0, எழுத 4.0, படிக்க 3.5 வாங்கினால் நுழையலாம். ஆஃபர் இருந்தால் 50 மார்க் கூடும் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அந்த மார்க்கை 2025 மார்ச் 25 அன்றே எடுத்துவிட்டார்கள். ஆஃபர் இப்போது தகுதிக்குத்தான் உதவும். மார்க் ஏற வேண்டுமென்றால் இங்கிலீஷில் உழைக்க வேண்டும்.

இனி இரண்டாவது தாள். கடந்த 5 ஆண்டுகளில் 2 ஆண்டு அனுபவம், அதாவது 3,120 மணி நேரம் காட்ட வேண்டும். கணக்கு வாரத்துக்கு 30 மணி என்று போகிறது. ஷட்டவுனில் தினம் 12 மணி வீதம் ஏழு நாளும் நின்று 84 மணி உழைத்திருந்தாலும் அந்த வாரத்துக்கு 30தான். ஷட்டவுன் முடிந்து வீட்டில் இருந்த வாரங்களுக்குப் பூஜ்யம். "மூணு வருஷமா இந்த வேலைதான்" என்பவருக்குக் கூட்டிப் பார்த்தால் இரண்டு வருஷம் தேறாமல் போவது இப்படித்தான். ஒரு நோட்டில் வாரவாரமாக எழுதிக் கூட்டிப் பாருங்கள்.

சர்டிபிகேட்டை யாரிடம் வாங்குவது? கேட் பாஸில் ரிஃபைனரி பெயர் இருக்கும், பி.எஃப். கான்ட்ராக்டர் பெயரில் போகும், கூலியை சப் கான்ட்ராக்டர் தருவார். உங்களை வேலைக்கு வைத்துச் சம்பளம் போட்டவரிடம்தான் வாங்க வேண்டும். லெட்டர்ஹெட், முகவரி, போன், கையெழுத்து போட்டவரின் பதவி, சேர்ந்த தேதி, விலகிய தேதி, வாரத்துக்கு எத்தனை மணி, சம்பளம், செய்த வேலைகள் எல்லாம் அதில் இருக்க வேண்டும். "இவர் வெல்டராகப் பணிபுரிந்தார், நன்னடத்தை உடையவர்" என்ற இரண்டு வரி எதற்கும் உதவாது. "2 இன்ச் முதல் 8 இன்ச் வரை கார்பன் ஸ்டீல் பைப், ரூட் டிக், ஃபில்லிங் ஆர்க், 6ஜி பொசிஷன், டிராயிங் பார்த்து ஃபிட்டப்" என்று எழுதினால் அதிகாரிக்கு வேலை கண்ணில் தெரியும். கனடா அரசின் தொழில் பட்டியலில் வெல்டருக்கான எண் 72106. அதில் சொன்ன வேலைகளோடு இது பொருந்த வேண்டும். ஆனால் அங்கிருக்கும் வரிகளை அப்படியே காப்பி அடித்தால் சந்தேகம் வரும்.

சம்பளத்தைக் கையில் ரொக்கமாக வாங்குகிறவர்கள் இன்றே பேங்க் மூலம் போடச் சொல்லுங்கள். பி.எஃப். பாஸ்புக், இ.எஸ்.ஐ., பேங்க் ஸ்டேட்மென்ட் மூன்றும் சர்டிபிகேட்டின் தேதிகளோடு ஒத்துப்போனால் கேள்வியே வராது.

வெல்டர் டெஸ்ட் சான்றிதழையும் கவனியுங்கள். வெல்டிங் தகுதிக்கான விதித்தொகுப்பான ஏஎஸ்எம்இ செக்‌ஷன் 9 படி, தேறிய பிராசஸில் (வெல்டிங் முறையில்) 6 மாதத்துக்குள் வெல்டிங் செய்யாவிட்டால் தகுதி காலாவதி. கான்ட்ராக்டரின் க்யூசி (தரச் சோதனை) ஆளிடம் கன்டினியூட்டி பதிவின், அதாவது இடைவிடாமல் வெல்டிங் செய்துவந்ததற்கான பதிவின், நகலைக் கேட்டு வாங்கி வையுங்கள். இன்டர்வியூவில் அதை நீட்டுகிறவருக்கு மரியாதையே வேறு.

ஜெர்மனியும் நல்ல வழிதான். டிப்ளமோ அங்கீகாரம் இல்லாமல் அனுபவத்தை வைத்தே போகும் பிரிவு அங்கே உண்டு. ஆனால் நம் ஊரில் அரசு ஏற்ற, குறைந்தது 2 ஆண்டு படிப்பு இருக்க வேண்டும். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் 2 ஆண்டு, வெல்டர் ஓராண்டு, ஆகவே ஐ.டி.ஐ. ஃபிட்டர் நுழையலாம், அதை மட்டும் படித்த வெல்டர் முடியாது. ஆண்டுச் சம்பளம் 2026-ல் 45,630 யூரோவுக்குக் குறையக் கூடாது. கம்பெனி தொழிற்சங்கத்தோடு போட்ட கூட்டுச் சம்பள ஒப்பந்தத்தில் இருந்தால் மட்டும் விலக்கு.

ஆஃபர் கைக்கு வந்ததும் அதில் போட்டிருக்கும் நம்பருக்கு போன் செய்யாதீர்கள். கம்பெனியின் சொந்த வெப்சைட்டைத் தேடி, அங்கிருக்கும் நம்பரில் கூப்பிட்டு, இப்படி ஒரு ஆஃபர் அனுப்பினீர்களா என்று கேளுங்கள். எல்எம்ஐஏ கிடைத்த கம்பெனிகளின் பட்டியலைக் கனடா அரசே வெளியிடுகிறது. இங்குள்ள ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் தேடுங்கள். அவர் வாங்கக்கூடிய அதிகபட்சக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும், ரசீதோடு. போலி எல்எம்ஐஏ வைத்து விண்ணப்பித்தால் கனடாவுக்குள் நுழைய 5 ஆண்டுத் தடை. ஏஜென்ட் கொடுத்த தாள் என்றாலும் தடை விழுவது உங்கள் பாஸ்போர்ட்டில்தான். அதனால் சப்மிட் பண்ணும் முன் ஃபைல் மொத்தத்தையும் ஏஜென்ட்டிடம் கேட்டு வாங்கி, ஒவ்வொரு பக்கத்தையும் நீங்களே படியுங்கள்.