நனைந்த சிட்டாவும் ஒரு காலி ஃபோல்டரும்

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது மன்னார்குடி பக்கம் எங்கள் வீட்டு ஓடு பாதி பறந்துவிட்டது. டிரங்குப் பெட்டியிலிருந்த பட்டா, சிட்டா, கிஸ்தி ரசீது, சொசைட்டிக் கடன் சீட்டு எல்லாம் ஊறிப்போய், ஒவ்வொன்றாகப் பிரித்துத் திண்ணையில் காயப்போட்டோம். அத்தனையையும் ஸ்கேன் செய்து வைக்க வேண்டும் என்று அன்றைக்கே நினைத்தது. இந்தக் குறுவை அறுப்பு முடிந்த பிறகுதான் கை ஒழிந்தது. பழைய டெஸ்க்டாப் ஒன்றில் டெபியன் என்ற லினக்ஸ், அதன் மேல் டாக்கர் (மென்பொருளைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டுவது), அதில் பேப்பர்லெஸ் என்ஜிஎக்ஸ் (ஸ்கேன் செய்த காகிதங்களைப் படித்து அடுக்கி, தேடித் தரும் மென்பொருள்). காகிதங்கள் போய்ச் சேர ஒரு யூஎஸ்பி டிஸ்க்.

இதற்கு நான்கு ஃபோல்டர் வேண்டும். கன்ஸ்யூம், நாம் காகிதத்தைப் போடும் வாசல். மீடியா, படித்து முடித்ததும் கோப்பு போய் உட்காரும் இடம். டேட்டா, தேடல் அட்டவணையும் எஸ்க்யூலைட் தரவுத்தளமும் இருப்பது. எக்ஸ்போர்ட், பேக்கப்புக்கு. நான்கையும் டிஸ்க்கிலேயே கட்டிவிட்டேன்.

முதல் சிக்கல் வாசலிலேயே. கன்ஸ்யூமில் கோப்பைப் போட்டால் அனுமதி இல்லை என்றது. நான் உருவாக்கிய ஃபோல்டர் எனக்கே பூட்டு! பேப்பர்லெஸ் கிளம்பும்போது இந்த ஃபோல்டர்களைத் தன் பயனர் எண்ணுக்கு மாற்றிக்கொள்கிறது. நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் அது 1000. என் எண் 1001. அமைப்புகளை எழுதிவைக்கும் என்வ் ஃபைலில் யூசர்மேப் யூஐடி (பயனர் எண்), ஜிஐடி (குழு எண்) இரண்டையும் 1001 ஆக்கி, ரீஸ்டார்ட் கொடுத்தேன். ஒன்றும் மாறவில்லை. வெறும் ரீஸ்டார்ட் என்வ் ஃபைலைத் திரும்பப் படிக்காது, டாக்கர் கம்போஸ் அப் என்ற கட்டளை கொடுத்துக் கன்டெய்னரையே புதிதாக எழுப்ப வேண்டும் என்று புரிவதற்குள் அரை மணி நேரம் போய்விட்டது.

அடுத்தது தமிழ். பேப்பர்லெஸின் இமேஜுடன் (டாக்கர் இறக்கும் தயார்ப் பொதி) வருவது ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன், ஸ்பானிஷ் மட்டும். ஓசிஆர் என்பது படத்திலிருந்து எழுத்தைப் படிப்பது; ஓசிஆர் லாங்குவேஜஸ் என்ற வரியில் தமிழைச் சேர்த்தால் இறக்கிக்கொள்கிறது. ஆனால் படிக்கும்போது எதைப் பயன்படுத்த வேண்டும் என்பதை ஓசிஆர் லாங்குவேஜ் என்ற இன்னொரு வரியில் சொல்ல வேண்டும். கடைசி ஒரு எழுத்துதான் வித்தியாசம். நான் முதலாவதை மட்டும் எழுதிவிட்டு, சிட்டா ஏன் கிறுக்கலாக வருகிறது என்று ஸ்கேனரைத் திட்டிக்கொண்டிருந்தேன். டைம் ஸோன் ஏசியா கொல்கத்தா, அதில் சிக்கல் இல்லை.

எல்லாம் சரி என்று நினைத்த அன்று சாயங்காலம் கரண்ட் போனது. வந்ததும் திறந்து பார்த்தால் முதல் ஆள் போல என்னைப் புதுக் கணக்கு தொடங்கச் சொல்கிறது. இருநூறு காகிதம் எங்கே? வயிற்றில் புளி கரைந்தது.

டிஸ்க் பத்திரமாகத்தான் இருந்தது. அது சுற்றித் தயாராவதற்குள் டாக்கர் முந்திக்கொண்டு, அந்த இடத்தில் ஃபோல்டர் இல்லாததைப் பார்த்துத் தானே காலியாக ஒன்று செய்துகொண்டது. பிறகு டிஸ்க் மவுண்ட் ஆன (அந்த இடத்தில் இணைந்த) பின்னும் கன்டெய்னர் அந்தக் காலி ஃபோல்டரையே பிடித்துக்கொண்டிருந்தது. மெஷின் கிளம்பும்போது எந்த டிஸ்க்கை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேபில் நோஃபெயில் போட்டது நான்தான். டிஸ்க் வராவிட்டாலும் மெஷின் எழும்பட்டும் என்று. கன்டெய்னரை நிறுத்தி ஏற்றியதும் இருநூறும் திரும்ப வந்தன. இப்போது கன்டெய்னரை எப்படி எழுப்புவது என்று சொல்லும் கம்போஸ் ஃபைலில், ஹோஸ்ட் பக்கம் (கன்டெய்னருக்கு வெளியே, மெஷினில்) ஃபோல்டர் இல்லையென்றால் நீயாக உருவாக்காதே என்று ஒவ்வொரு மவுண்டிலும் எழுதிவிட்டேன். போதாதற்கு டிஸ்க் மவுண்ட் ஆகும் வரை டாக்கர் சேவை காத்திருக்கும்படி, சேவைகளைக் கிளப்பும் சிஸ்டம்டியிலும் ஒரு வரி.

அப்பா நேற்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “அந்தப் படுகை வயல் சர்வே நம்பரப் போடு, பாப்போம்” என்றார். போட்டேன். அடங்கல் ஒன்று, கிஸ்தி ரசீது மூன்று. “தாத்தா வாங்குன பத்திரம் எங்கடா?” அது கையெழுத்துப் பத்திரம், ஓசிஆருக்குப் பிடிபடவில்லை. தலைப்பை நானே தட்டிச் சேர்த்தேன்.

எக்ஸ்போர்ட் ஃபோல்டரை மாதம் ஒரு தடவை பென்டிரைவில் எடுத்துத் தஞ்சாவூரில் தங்கை வீட்டில் வைப்பதாக ஏற்பாடு. இன்னும் ஒரு தடவைகூடப் போகவில்லை.